கணினியில் பொருள் தேடும் விளையாட்டு: அட்டைப் படத்தை நம்பி வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை நெருங்கினால் வீட்டுக் கணினியில் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டைப் போட்டுக் கொடுப்பது என்ற கேள்வி திருகோணமலையில் பல வீடுகளில் எழுகிறது. ஓய்வூதியம் பெறுபவர்களும் இதையே கேட்கிறார்கள். சுடுவது, துரத்துவது இல்லாமல், மூளைக்கு வேலை கொடுத்து, தேத்தண்ணி போட எழும்பும்போது நிறுத்திவிட்டுப் பிறகு விட்ட இடத்தில் தொடரக்கூடிய விளையாட்டு வேண்டும் என்கிறார்கள். அப்படி ஒரு வகை இருக்கிறது. ஒரு அறை நிறையப் பொருட்கள், கீழே ஒரு பட்டியல், பட்டியலில் உள்ளவற்றைத் தேடிக் கிளிக் செய்ய வேண்டும். ஹிடன் ஒப்ஜெக்ட் என்று பெயர். அதோடு கதையும் பூட்டுத் திறக்கும் புதிர்களும் சேர்ந்தால் அட்வென்சர். இந்த வகையில் நல்லவை நிறைய வந்திருக்கின்றன, குப்பைகள் அதைவிட நிறைய. ஆனால் எல்லாவற்றுக்கும் அட்டைப் படம் ஒன்றுதான்: முழு நிலவு, பாழடைந்த மாளிகை, கையில் விளக்கோடு ஒரு பெண். படத்தைப் பார்த்துத் தெரிவு செய்தவர்கள் ஏமாந்துபோவதால்தான் இதை எழுதுகிறேன்.

2002இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் தொடங்கிய பிக் ஃபிஷ் நிறுவனம், 2005இல் வெளியிட்ட ‘மிஸ்ட்ரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ மூலம் இந்த வகையைப் பரவலாக்கியது. அதில் தேடல்தான் பிரதானம். 2008இல் அதே தொடரில் வந்த ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’ தேடலோடு அட்வென்சரையும் கலந்தது. இன்று வருபவற்றில் பெரும்பாலானவை அந்த அச்சில் வார்த்தவையே. அந்த நிறுவனம் பழக்கிவிட்ட இன்னொரு நல்ல வழக்கம், காசு கொடுக்குமுன் 60 நிமிடம் இலவசமாக ஆடிப் பார்ப்பது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையிலும் பல விளையாட்டுகளுக்கு டெமோ, அதாவது இலவச மாதிரி, உண்டு. டெமோ இல்லாவிட்டாலும் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இவ்வகை விளையாட்டு மொத்தமே 3 முதல் 6 மணித்தியாலம்தான் ஓடும். ஆகவே முதல் ஒரு மணித்தியாலத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் பார்க்க வேண்டியது என்ன? முதலாவது தேடல் காட்சியில் பொருட்களின் அளவையும் நிழலையும் கவனியுங்கள். நல்ல விளையாட்டில் கரண்டி கரண்டி அளவில், மேசை மேல் கிடக்கும், வெளிச்சம் படும் பக்கத்துக்கு ஏற்ப நிழல் விழும். மோசமானதில் கட்டிலளவு கேத்தல் சுவரோடு ஒட்டி நிற்கும், அல்லது கத்தரிக்கோலைப் பாதி தெரியாமல் மங்க வைத்திருப்பார்கள். அங்கே கண்கூர்மைக்கு வேலை இல்லை, கண் நோவதுதான் மிச்சம். அடுத்து, தேடிக் கிடைத்த பொருள் கதையில் எதற்காவது பயன்படுகிறதா என்று பாருங்கள். கிடைத்த திறப்பால் ஒரு கதவு திறந்தால் சரி. இருபது பொருள் தேடிய பிறகும் கதை நகராமல் அடுத்த பட்டியல் வந்து நின்றால் அது நேரத்தை இழுக்கும் வேலை. ஒரே அறைக்குப் புதுப் பட்டியலோடு இரண்டாம் முறை போவது வழக்கம்தான். மூன்றாவது, நான்காவது முறையும் போகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

தொடங்கும்போது கஷ்ட நிலையைக் கேட்பார்கள். கஷுவல் என்ற இலகுவான நிலையில் செய்யவேண்டிய இடம் மின்னிக் காட்டும், உதவிப் பொத்தான் விரைவில் நிரம்பும். கடினமான நிலைகளில் மின்னல் இருக்காது, உதவி நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும், கண்டபடி கிளிக் செய்தால் தண்டனையும் உண்டு. நாமே விரும்பியபடி அமைக்கும் ‘கஸ்டம்’ (custom) என்றொரு நிலை இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். மின்னலை நிறுத்திவிட்டு, உதவி நிரம்பும் நேரத்தை மட்டும் குறைத்து வைத்தால் தேடும் சுகமும் கெடாது, மாட்டிக்கொள்ளவும் மாட்டீர்கள். பார்வை குறைந்தவர்களுக்கு மின்னல் இருக்கட்டும்.

நம் ஊரில் பலரும் இடறுவது கண்ணால் அல்ல, சொல்லால். பட்டியல் ஆங்கிலத்தில் வரும், அதுவும் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம். நாம் வீட்டில் புழங்குவதோ பிரித்தானியர் விட்டுப்போன சொற்கள். பட்டியலில் ‘டோர்ச்’ என்று கண்டால் பற்றரி போட்ட டோர்ச் லைற்றைத் தேடுவோம். அவர்கள் கேட்பது தீப்பந்தம். பற்றரி டோர்ச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃப்ளாஷ்லைட்’. நம் ஸ்பானர் அங்கே ‘ரென்ச்’, தண்ணீர் திறக்கும் டப் ‘ஃபோசெட்’, அழிறப்பர் ‘இரேசர்’, டிரோயிங் பின் ‘தம்ப்டாக்’, ஜக் ‘பிட்சர்’, குழந்தையின் சூப்பி ‘பசிஃபையர்’. பிள்ளை பத்து நிமிடம் தேடிக் களைத்துப் போவதற்கு இதுதான் காரணம். பொருள் கண்முன்னேதான் இருக்கும்.

ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருப்பது அடுத்த சிக்கல். இது வேண்டுமென்றே வைப்பது, நல்ல விளையாட்டின் அழகும் அதுவே. ‘பாட்’ கிரிக்கெட் மட்டையாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். ‘போ’ என்பது அம்பு விடும் வில், ரிப்பன் முடிச்சு, வயலின் வாசிக்கும் வில் என மூன்று. ‘கிரேன்’ என்றால் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பாரந்தூக்கிதான் நினைவுக்கு வரும். படத்தில் நிற்பது நீண்ட கால் பறவையாக இருக்கும். ‘பைப்’ தண்ணீர்க் குழாயா, சுங்கானா? ‘ஸ்பேட்’ மண்வெட்டியா, சீட்டுக்கட்டின் இஸ்பேட்டா? ‘நெயில்’ பெரும்பாலும் ஆணி, எப்போதாவது நகம். உதவிப் பொத்தானை அழுத்துமுன் சொல்லின் மற்றப் பொருளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். பாதிக்குமேல் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னும் சில, நம் வீடுகளில் இல்லாத பொருட்கள். ‘ஏகோர்ன்’ ஓக் மரத்தின் கொட்டை, தொப்பி போட்ட பாக்குப் போல இருக்கும். ‘திம்பிள்’ தைக்கும்போது விரல் நுனியில் மாட்டும் உலோகக் குப்பி. ‘ஆன்வில்’ கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. ‘வெதர் வேன்’ கூரை உச்சியில் சேவல் உருவத்தில் நிற்கும் காற்றுத்திசை காட்டி. ‘கேண்டி கேன்’ கைத்தடி போல வளைந்த சிவப்பு வெள்ளை இனிப்பு. இவை ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் திரும்பத் திரும்ப வரும். கொப்பி ஒன்றில் நூறு சொல் எழுதி வைத்தால் அடுத்த விளையாட்டில் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். சொல்லுக்குப் பதிலாக நிழலுருவைக் காட்டும் காட்சிகளும் உண்டு. வாசிக்கப் பழகாத சிறுவர்களுக்கு அவை அதிகமுள்ள விளையாட்டைத் தேடிக் கொடுங்கள். பட்டியலில் ஒரு சொல் வேறு நிறத்தில் இருந்தால் அந்தப் பொருள் நேரே தெரியாது. பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது இரண்டு துண்டைப் பொருத்த வேண்டும், அல்லது மெழுகுதிரியைப் பற்றவைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு போலந்து நாட்டின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனத்தைச் சொல்வேன். அதன் ‘நைட்மெயர்ஸ் ஃப்ரொம் த டீப்: த கர்ஸ்ட் ஹார்ட்’ கடற்கொள்ளையர் கதை, 2012இல் வந்தது. கடலோரத்தில் வாழும் நமக்கு உடனே ஒட்டும். ‘எனிக்மாடிஸ்’, ‘கிரிம் லெஜெண்ட்ஸ்’ தொடர்களும் அதனுடையவை. தொடர்களை முதற் பாகத்திலிருந்து ஆடுங்கள். பேய், கொலை வேண்டாம், தேடல் மட்டும் போதும் என்பவர்களுக்கு ‘வெக்கேஷன் அட்வென்சர்ஸ்: பார்க் ரேஞ்சர்’ பொருந்தும். ஆங்கிலமே தடை என்றால் சொல் இல்லாத விளையாட்டுகள் இருக்கின்றன. செக் நாட்டின் அமனிட்டா டிசைன் 2009இல் வெளியிட்ட ‘மெஷினேரியம்’ எண்ணக் குமிழிகளில் வரும் படங்களாலேயே கதை சொல்கிறது. 2017இல் வந்த ‘கோரோகோவா’வும் அப்படியே. அதே ஆண்டு வந்த ‘ஹிடன் ஃபோக்ஸ்’ கையால் வரைந்த கறுப்பு வெள்ளைக் காட்சி, தேட வேண்டியவர்களைப் படமாகவே கீழே காட்டும், ஒலிகள் அத்தனையும் வாயால் எழுப்பியவை. பேரப்பிள்ளையும் தாத்தாவும் ஒரே திரை முன் இருந்து ஆட இதைவிடப் பொருத்தமானதை நான் அறியேன்.

வாங்கும்போது பொறுமை வேண்டும். ஸ்டீமின் பெரிய விலைக்குறைப்பு ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும். 10, 15 டொலர் விளையாட்டு அப்போது 2, 3 டொலருக்கு வருவதை அடிக்கடி காணலாம். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வங்கிக் கட்டணமும் சேரும். வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு ஜிஓஜி கடை நல்லது. அங்கே வாங்கியதன் நிறுவல் கோப்பை ஓரிடத்தில் தரவிறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுபோய், இணையமில்லாத கணினியிலும் போடலாம். இப்போதைய விளையாட்டுகள் பல 1 கிகாபைட்டைத் தாண்டும் என்பதால் கைபேசி டேட்டாவில் இறக்குபவர்கள் அளவைப் பார்த்துத் தொடங்குங்கள். இலவச முழுப் பதிப்பு என்று கைமாறும் பிரதிகளைத் தொட வேண்டாம். நிறுவும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும் கோப்பு எதற்காக அப்படிச் சொல்கிறது என்பதை யோசியுங்கள். முன்பு இணையப் பக்கங்களில் விளையாட்டுகளை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளைப் போடச் சொல்லும் பக்கங்களும் அதே இனம்தான். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

கணினி பழையதாக இருந்தாலும் 2 கிகாபைட் நினைவகம் உள்ள சாதாரண லப்டொப்பில் இவற்றில் பெரும்பாலானவை ஓடும். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் கணினிகளுக்கும் ஜிஓஜியின் தனி நிறுவல் கோப்பே வழி. பழைய விளையாட்டு ஒன்று டீ3டீஎக்ஸ்9 (d3dx9) என்று தொடங்கும் கோப்பு இல்லை எனக் கூறி நின்றால், மைக்ரோசொஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட, விளையாட்டுகள் ஓடத் தேவையான டைரக்ட்எக்ஸ் தொகுப்பை அவர்களின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவுங்கள். படம் அகலமாக இழுபட்டு முகங்கள் பருத்துத் தெரிந்தால் அமைப்புகளில் வைட்ஸ்கிரீன் என்ற பெட்டியின் அடையாளத்தை மாற்றிப் பாருங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், பொருட்கள் தம் உருவத்துக்குத் திரும்பும். கிளிக் ஓரிடம், அம்புக்குறி ஓரிடம் என்று விலகினால் விளையாட்டின் குறியை வலது கிளிக் செய்து, ப்ரொப்பட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி, அங்கே உயர் டிபிஐ அமைப்பை மாற்றும் பொத்தான், அதில் அப்ளிகேஷன் என்பதைத் தெரிவு செய்யுங்கள். முழுத் திரை கறுத்துப்போனால் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திச் சிறு சாளரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

மாரி காலத்தில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. இந்த விளையாட்டுகளில் சேமிப்புப் பொத்தான் பெரும்பாலும் இருக்காது. பிரதான பட்டிக்கு (மெனுவுக்கு) வெளியேறும்போது தானாகச் சேமிக்கும். சேமிக்கும் கணத்தில் மின்சாரம் போனால் கோப்பு பழுதாகி முழு ஆட்டமும் போகக்கூடும். யூபிஎஸ் இல்லாத கணினியில் மழை இருட்டும்போதே பட்டிக்குப் போய்விடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயரில் ஆடுங்கள். விண்டோஸை மீள நிறுவுமுன் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரோமிங் என்பதில் விளையாட்டின் அல்லது நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கோப்புறையைப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் பத்துப் பொருட்களைப் படம், அமெரிக்கப் பெயர், நம் வீட்டுப் பெயர் மூன்றோடும் வெளியிடுங்கள். ரென்ச், ஃபோசெட், திம்பிள், ஆன்வில் என்று தொடங்கலாம். வெட்டி எடுத்து கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டும் அளவில் இருந்தால் போதும்.

இவ்வண்ணம்,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.