பாட்டிக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள்

சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாவுக்குப் போட்டி நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாகப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக வந்துகொண்டிருக்கிறேன். காசு வாங்காமல் வார இறுதிகளை இதற்கே கொடுப்பவர்கள் நீங்கள். உங்களில் ஒருத்தி என்ற உரிமையில் ஒன்று கேட்க வேண்டும்.

சென்ற முறை உயர்நிலைப் பிரிவுக்குத் தலைப்பு ‘சமூக ஊடகம்: வரமா, சாபமா?’ பதினோரு பேர் பேசினார்கள். அதில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தில் தொடங்கினார்கள். ‘இன்றைய வேகமான மின்னிலக்க உலகில்’ என்று மூன்றாவது பிள்ளை ஆரம்பித்ததும் நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். முன்பும் அப்பாவோ டியூஷன் ஆசிரியரோதான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அப்போது அதைப் பற்றி வீட்டில் நாலு வார்த்தையாவது தமிழில் பேசியிருப்பார்கள். இப்போது அந்தப் பேச்சும் போய்விட்டது.

போட்டி முடிந்து சமூக மன்றத்தின் வாசலில் அந்த மூவரில் ஒரு மாணவி தன் பாட்டியோடு நின்றிருந்தாள். பாட்டியின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தது. கடைகளில் செலவழிக்க அரசாங்கம் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு இன்று இரவோடு முடிகிறதாம், உடனே இந்த இணைப்பைத் தட்ட வேண்டுமாம். பேத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஸ்கேம் பாட்டி, டெலிட் பண்ணுங்க” என்றாள். “எப்படிம்மா சொல்றே? நல்ல தமிழ்லதானே எழுதியிருக்கு?” என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. பேத்திக்குக் காரணம் தெரியும். அரசாங்க இணைய முகவரி ‘கவ் டாட் எஸ்ஜி’ (.gov.sg) என்றுதான் முடியும், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். பாட்டியிடம் திரும்பியதும் வாய் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, “இதோட வாலைப் பாருங்க பாட்டி, வால் வேற” என்றாள். பாட்டிக்குச் சட்டென்று புரிந்தது. அன்று மேடையில் ஒருவரும் இப்படி ஒரு வாக்கியம் பேசவில்லை. அதற்குப் போட எங்களிடம் மதிப்பெண்ணும் இல்லை.

பள்ளியில் இதையெல்லாம் நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2021 முதல் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் மடிக்கணினி போன்ற கற்றல் சாதனம் இருக்கிறது. தகவலைச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தேசிய நூலக வாரியம் 2013 முதல் ‘ஷூர்’ திட்டத்தில் பரப்பி வருகிறது. பொய்த் தகவலுக்கு எதிரான சட்டம் 2019இல் வந்தது. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பேசாததைப் பேசியதுபோல் காட்டும் போலிக் காணொளிகளை 2024இல் ஒரு சட்டம் தடுத்தது. அதே 2024இல்தான் மோசடிகளில் இங்குள்ளவர்கள் சுமார் 110 கோடி வெள்ளி இழந்தார்கள். சட்டம் வேண்டும்தான். ஆனால் குடும்பக் குழுவில் குரல் பதிவு ஒன்று வரும்போது அதை முதலில் கேட்பவர் பாட்டி, பக்கத்தில் இருப்பவள் பேத்தி. புரளி தமிழில் வருகிறது. அதை உடைக்கத் தெரிந்த பிள்ளையின் அறிவு ஆங்கிலத்தில் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். அந்தச் சில வீடுகளிலும் இப்படிப் பேச்சு அறுந்தால், தேர்தல் பற்றியோ ஓய்வுக்காலச் சேமிப்பான மசே நிதி பற்றியோ தாத்தா பாட்டிகள் யாரிடம் கேட்பார்கள்?

அதனால் அடுத்த ஏப்ரலில் ஒரு போட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். தலைப்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம். அரங்குக்கு வந்த பிறகு, தமிழில் சுற்றிவந்த ஒரு செய்தியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம், பாதி பாதியாகவும் இருக்கலாம். இருபது நிமிடம் கொடுங்கள். சாதனத்தையும் கொடுங்கள், தேடட்டும். அப்புறம் எதிரே ஒரு பெரியவரை உட்கார வைத்து, அவருக்குப் புரியும்படி அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். பெரியவர் குறுக்கே கேள்வி கேட்கலாம், “போம்மா, நான் நம்ப மாட்டேன்” என்று முரண்டும் பிடிக்கலாம். அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்டு அதற்கே பாதி மதிப்பெண் போடுங்கள்.

மேடைத்தமிழ் அழிந்துவிடும் என்று உங்களில் சிலர் கவலைப்படுவீர்கள். அந்தப் போட்டியும் நடக்கட்டும், விரும்புகிறவர்கள் பேசட்டும். ஆனால் ‘இணைப்பு’, ‘பகிர்’, ‘ஆதாரம்’ போன்ற சொற்கள் பாடநூலை விட்டுப் பிள்ளைகளின் வாய்க்கு வர வேண்டுமானால், அவற்றைச் சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். “டெலிட் பண்ணுங்க” என்றதோடு அந்தப் பேத்தி நின்றிருந்தால், ‘வால்’ பிறந்திருக்காது.

முதல் ஒத்திகைக்கு முரண்டு பிடிக்கும் பெரியவராக நானே வருகிறேன். சனிக்கிழமை மாலைகள் எனக்கு வசதி. அந்தப் பாட்டியிடமும் கேட்டுவிட்டேன். இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து ஒரு நடுவர்