படம் தெரியாத காணொளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஆடப்பட்ட காமன் கூத்தை என் மருமகன் விடிய விடியக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து தந்தார். வீட்டுக் கணினியில் பாட்டும் தப்பொலியும் கேட்டன; திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நகரத்துக் கடையொன்றில், கணினி பழசாகிவிட்டதால் புதிது வாங்க வேண்டும் என்றார்கள். அது தவறான ஆலோசனை என்பதைப் பின்னரே அறிந்தேன். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் மலையகக் குடும்பங்கள் இவ்வாறு ஏமாறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

காணொளிக் கோப்பு வகைகளான எம்.பி.4, எம்.கே.வி. என்பவை வெறும் உறைகள். உள்ளே படம் எம்முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பதே முக்கியம் என்பதால், கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பயனில்லை. புதிய கைத்தொலைபேசிகள் பல, 2013இல் வெளியான எச்.265 முறையில் பதிவுசெய்கின்றன. விண்டோஸில் அம்முறைக்குரிய நீட்சி என்னும் கூடுதல் மென்பொருள் இல்லாவிடில், விண்டோஸுடன் வரும் செயலியில் படம் தெரியாமற்போகலாம். இலவசமான வி.எல்.சி. செயலியோ அம்முறையை விளங்கிக்கொள்ளும் திறனைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. எங்கள் கூத்தை அதிலேதான் பார்த்தோம். பழைய கணினியில் படம் தடுமாறினால், ஹேண்ட்பிரேக் என்னும் இலவசச் செயலியால் பழைய எச்.264 முறைக்கு மாற்றலாம். நேரம் எடுக்கும், மூலப் பதிவை மட்டும் அழித்துவிடக் கூடாது. படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் மென்பொருளான 'கோடெக்' தருவதாகக் கூறும் அறிமுகமற்ற தளங்களிலிருந்து எதையும் இறக்கக் கூடாது, அவற்றில் நச்சுநிரல்கள் மறைந்திருக்கக்கூடும்.

தங்கள் பத்திரிகை இத்தகைய விளக்கங்களை எளிய தமிழில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.