பாஸ் உன்னஹேவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

கடைத்தெரு முனையில் உள்ள நம் பழைய வங்கிக் கட்டடம் தப்பிவிட்டது. பின்னறையைத் தவிர மற்றதெல்லாம் பாவிக்கலாம் என்று பொறியியலாளர் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆகவே இந்த மடலில் விஷயங்கள் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்மேடு சரிந்து, பிள்ளைகளோடு இந்தக் கட்டடத்துக்குள் ஒதுங்கிய இரவைப் பற்றி எழுதப்போவதில்லை. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நன்றி பாஸ் உன்னஹேவுக்கு. சிங்களத்தில் மேசன்மாரை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருக்கும் வயதான மேசன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மழை விட்ட காலையில் நாங்கள் பாய்களைக் காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் வெளியே குந்தியிருந்து சுவரின் அடியை மேசன் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், தரையோடு தரையாக ஒரு சின்ன இரும்புக் கம்பி வலை, அதற்குப் பின்னால் சேறு அடைத்த ஓட்டை.

"டீச்சர், பலகைக்குக் கீழ காத்துப் போகணும். இல்லாட்டி மரம் உக்கிரும்."

மரத்தளத்தை நிலத்தில் படாமல் உயர்த்திப் போட்டது அதற்குத்தானாம். ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறினால்தான் நம்மூர் ஈரம் மரத்தில் தங்காது. கட்டடத்தைச் சுற்றி வந்து எல்லா ஓட்டைகளையும் அவரே திறந்தார்.

அதற்குள் இங்கே சீமெந்துப் பேச்சு தொடங்கிவிட்டது. சுவர் நனைந்திருக்கிறது, ஒரு பூச்சுப் பூசினால் சரி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு மூட்டையும் வந்து இறங்கியது. பாஸ் பேசாமல் போய் அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் விளக்கம் சொன்னார். கருங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர் இது. உள்ளே இறங்கிய ஈரம் சுண்ணாம்பு வழியாக மெல்ல வெளியே வந்துவிடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும், ஈரம் உள்ளுக்குள்ளேயே மேலே ஏறும். அவரை எழுப்பிவிட்டு மூட்டையைப் பிரிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பிளேன்டி கேட்டார்.

அந்த இரவில் பிள்ளைகளைப் படுக்கவைத்தது நடுவிலுள்ள பெட்டக அறையில். கனத்த சுவர், இரும்புக் கதவு, ஜன்னலே கிடையாது. வாசலில் காவலிருந்த எனக்கு ஏதேதோ நினைவு. கோப்பியை இலைநோய் தின்று, 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தது. ரயில் மலையகத்து ஹட்டனுக்கு வந்ததும் அதே வருடம்தான். 1888இல் ஹட்டனிலேயே இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு வங்கி தொடங்கினார்கள், இன்றைய ஹட்டன் நெஷனல் வங்கியின் வேர் அது. தோட்டத்துச் சம்பளக் காசு இப்படியான அறைகளிலிருந்துதான் போயிருக்கும். கவுண்டர் வரைக்கும் வந்தவர்கள் தொரையும் கிளாக்கரும். நம் ஆட்களின் கடன் கங்காணியின் துண்டுச்சீட்டில் இருந்தது, கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாத அந்தத் துண்டு முறையை ஒழிக்கவே 1921 ஆயிற்று. அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் அந்த இரும்புக் கதவுக்கு உள்ளே கால் நீட்டித் தூங்கினார்கள்.

எனக்குப் பழைய கட்டடப் பைத்தியம் எல்லாம் கிடையாது. நுவரெலியாத் தபாற்கந்தோர் மாதிரி நின்று படம் எடுக்கிற அழகும் இதற்கு இல்லை. ஆனால் இதை இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டலாம் என்று இனி யார் வந்தாலும், முதலில் என்னிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

தண்ணீர் பம்ப் தந்த மரக்கறிக்கடை அண்ணன், சோற்றுப் பார்சல் கட்டிவந்த பள்ளிவாசல் தம்பிமார், பன்சலையிலிருந்து பாயும் போர்வையும் அனுப்பிய பௌத்த துறவி ஹாமுதுருவோ, சேறு அள்ளிய தோட்டத்து மேல் டிவிஷன் ஆட்கள், ஆட்டோக்காரர்கள், கத்தாரிலிருந்து காசு அனுப்பிய பழைய மாணவர்கள்: எல்லோருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் உரிமையோடு வந்து சண்டை பிடிக்கலாம்.

இனி ஒவ்வொரு வருடமும் வைகாசி மழைக்கு முன்பு அந்த ஓட்டைகளை நானும் பிள்ளைகளும் துப்புரவு செய்வோம். சுண்ணாம்புச் சாந்து குழைக்கச் சொல்லித்தர பாஸ் அடுத்த மாதம் வருகிறார். சுண்ணாம்பு ஊறவைக்க ஒரு பழைய பீப்பாய் தேவை, இருப்பவர்கள் சொல்லுங்கள். அந்தச் சீமெந்து மூட்டையை இறக்கியவர் யாரோ தெரியவில்லை. உங்கள் நல்ல மனதுக்கும் நன்றி, தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.