அரிசி கழுவின தண்ணீர்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மீன் தொட்டி போட்டோவை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. பின்னால் செடி இருப்பதே நீ சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா உடனே, "தேத்தான்கொட்டை வாங்கி கூரியர் பண்ணுங்க" என்றாள். அவள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தின் உள்பக்கம் அதை இழைத்துவிடுவார்கள், காலைக்குள் மண் அடியில் தங்கிவிடும். குடிதண்ணீருக்கு அது சரி, மீன் தொட்டிக்கு வேண்டாம். படிகாரமும் கூடாது. அது தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும், மீன் தாங்காது.

முதலில் ஒன்று செய். கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து வெள்ளைத் தாள் முன்னால் வை. பச்சை அடித்தால் பாசி. டீ நிறம் என்றால் மரக்கட்டையின் சாயம், கெடுதல் இல்லை. வெளுப்பாக இருந்தால் ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டுவிடு. காலையில் அடியில் படிந்திருந்தால் கழுவாத மணலின் தூசி. படியாமல் அப்படியே நின்றால் பாக்டீரியா. உன்னுடையது பாக்டீரியாதான் என்று நினைக்கிறேன். புதுத் தொட்டி, புது மண். கடையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடி மூழ்கியதும் பழைய இலையை உதிர்த்து அழுகவிடும், கிரிப்டோகோரைன் என்ற செடியைச் சொல்லவே வேண்டாம். அதையெல்லாம் தின்று பாக்டீரியா பெருகியிருக்கிறது.

பதினோரு நாளில் மூன்று தடவை தண்ணீரை முழுசாக மாற்றினேன் என்றாயே, அங்கேதான் எனக்குச் சங்கடம். ஒவ்வொரு தடவையும் அடிமண் கிளறி, சத்து மேலே வந்து, அந்தப் பாக்டீரியாவுக்கு மறுபடி விருந்து. நமக்கு வேண்டிய பாக்டீரியா வேறு. மீன் கழிவின் அம்மோனியா என்ற விஷத்தை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் கூட்டம் அது. பெரும்பாலும் பில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வெளுப்பு அதற்கு முன்பே, ஒன்றிரண்டு வாரத்தில், தானாக அடங்கிவிடும்.

எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. நீ பிறப்பதற்கு முன்பு சென்னை கொளத்தூர் மீன் கடையில் பத்து மோலி மீன் வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தத்தில் குறையே இருக்கக் கூடாது என்று பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினேன். குளோரின் வாடை மூக்கில் ஏறுகிற தண்ணீர். ஸ்பாஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியா செத்துப்போய், மூன்றாம் நாள் தொட்டி வெளுத்தது, அந்த வாரமே ஏழு மீன் போனது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். இப்போது வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, அதில் ஸ்பாஞ்சை ரெண்டு அழுத்து அழுத்துவதோடு சரி.

வெளுப்பால் மீன் நேரடியாகச் சாகாது, ஆனால் மூச்சுத் திணறும். அந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை ராத்திரியும் ஓடவிடு. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கு. அதில் அம்மோனியா இருப்பதாகக் காட்டினால் மட்டும் கால்வாசித் தண்ணீர் மாற்று, மண்ணைக் கிளறாமல். உங்கள் அபார்ட்மென்டில் ஒரு நாள் காவிரி, ஒரு நாள் டேங்கர் என்றாயே, எது வந்தாலும் குளோரினை முறிக்கும் ஆன்ட்டி குளோரின் கலந்துவிட்டு ஊற்று. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், பட்டினியில் சாகாது. அழுகின இலையைக் கத்தரித்து எடு. விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் வெயிலும் படுகிறது போலிருக்கிறதே, திரையை இழுத்துவிடு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் பச்சைத் தண்ணீரோடு போன் பண்ணுவாய்.

"பளிச்" என்று ஆக்கும் மருந்து பாட்டில் எதுவும் வாங்காதே. கடைக்காரர் கட்டாயம் நீட்டுவார்.

சனிக்கிழமை இன்னொரு போட்டோ அனுப்பு. தொட்டி வேண்டாம், டம்ளர் மட்டும்.

அன்புடன்,
அப்பா