பின்சீட்டைப் பார்த்த கண்ணாடி

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு சொல்ல மாட்டேன். கமலாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது புளோக்குக்குப் பக்கத்துச் சந்தைவரை தானே நடந்து போய், மீன்காரரோடு விலைக்குச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

சிட்னியில் உன் மகள் புது ஓட்டுநருக்கான சிவப்பு 'பி' லைசென்ஸ் வாங்குவதற்குள் 120 மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதில் 20 மணி நேரம் இரவில் வேறு. "இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கா, அப்பன்களுக்கா?" என்று நீ கேட்டதைப் படித்துச் சிரித்தேன். போன சனிக்கிழமைக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என் பையன் கார்த்தி லைசென்ஸ் எடுத்துப் பதினோரு மாதம். தேசியச் சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறான், வார இறுதியில்தான் வீடு. சனி இரவு பதினொரு மணிக்குக் கார்ச் சாவியைக் கேட்டான். முகாம் நண்பர்கள் நாலு பேரோடு ஜாலான் காயுவில் பரோட்டா சாப்பிடப் போகிறானாம். கொடுத்தேன். இரண்டே காலுக்குக் கதவு திறக்கும்வரை நானும் கமலாவும் தூங்குவதுபோல் படுத்திருந்தோம்.

காலையில் வண்டியை எடுக்கப் போனேன். உறிஞ்சுகுழலோடு ஒரு தே தாரே (ஆற்றிய டீ) பொட்டலம் கிடந்தது. அதைக்கூட விடு. உட்கார்ந்து நடுக் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் நிற்கும் வண்டியே தெரியவில்லை. பின்சீட்டுதான் தெரிந்தது, முழுசாக. முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்திருக்கிறான், மணியம். அப்படியேதான் விரைவுச்சாலையில் போய் வந்திருக்கிறான்.

இங்கே சட்டம் இளகியது என்று சொல்ல முடியாது. முதல் வருஷம் முழுக்க வண்டியின் முன்னும் பின்னும் புது ஓட்டுநர் என்று காட்டும் முக்கோணம் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குள் 13 குற்றப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போயிற்று, மறுபடி தேர்விலிருந்து தொடங்க வேண்டும். என்னைப் போன்ற பழைய ஓட்டுநர்களுக்கு இரண்டு வருஷத்தில் 24. சிவப்பு விளக்கைத் தாண்டினாலே 12 புள்ளி என்பதால் கார்த்தி மஞ்சளைப் பார்த்ததுமே நின்றுவிடுகிறான். அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் கேமராவுக்குப் பின்சீட்டு தெரியாதே. யாரை ஏற்றலாம், எத்தனை மணிக்கு ஓட்டலாம் என்று இங்கே புது ஓட்டுநரை யாரும் கேட்பதில்லை. உங்கள் ஊரில் 25 வயதுக்குக் கீழ் உள்ள சிவப்பு 'பி'க்காரன் இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குட்பட்டவர்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம். 2007இல் அது வந்தபோது அநியாயம் என்று நினைத்தவன் நான்.

வேடிக்கை என்னவென்றால், மோட்டார்சைக்கிளுக்கு நம்மிடமும் படி உண்டு. முதலில் 200 சிசிக்குள், ஒரு வருஷம் கழித்துத்தான் 400. காருக்கு அதெல்லாம் இல்லை. 18 வயதில் தேர்ச்சி பெற்றவன் மறுநாளே எவ்வளவு வேகமான காரையும் ஓட்டலாம்.

என் மைத்துனர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். 2024 ஏப்ரலில் இங்கே தெம்பனிஸில் நடந்த சாலை விபத்தில் இரண்டு உயிர் போனதே, அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 42, இளைஞர்களை மட்டும் ஏன் பிடிக்கிறாய் என்கிறார். உண்மைதான். ஆனால் 42 வயதுக்காரரின் பிரச்சினை வேறு, 20 வயதுப் பையன் நாலு பேர் சிரிப்புக்கு நடுவே ஓட்டுவது வேறு.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நம் ஒரு வருஷம் காலண்டர் கணக்கு. கார் வாங்கும் உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போகும் ஊரில் எந்தப் பையனுக்குச் சொந்தக் கார்? நான் எண்ணிப் பார்த்தேன், இந்தப் பதினோரு மாதத்தில் கார்த்தி ஓட்டியது மொத்தம் பதினாறு தடவை. அடுத்த மாதம் முக்கோணத்தைப் பிய்த்துவிடுவான். வண்டியையே தொடாமல் இருந்திருந்தாலும் பிய்த்திருக்கலாம். படிக்கும்போது நான் பக்கத்தில் உட்காரவும் வழியில்லை, உரிமம் உள்ள பயிற்றுநர்தான் உட்கார வேண்டும். நீ புலம்பிய அந்த 120 மணி நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை. தண்டனையைக் கூட்டுவதைவிட இந்த மணிக்கணக்கைச் சட்டத்தில் சேர்த்தால் நான் முதல் ஆளாகக் கைதூக்குவேன்.

கண்ணாடி விஷயத்தைக் கார்த்தியிடம் சொன்னேன். மறுக்கவில்லை. காது சிவந்து, "சாரிப்பா" என்றான். அடுத்த ஞாயிறிலிருந்து காலை ஆறு மணிக்கு லிம் சூ காங் பக்கம் போவதாக ஏற்பாடு. அவன் ஓட்டுவான், நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று கமலாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் மகளின் அந்தப் பயிற்சிக் குறிப்பேடு இன்னும் வீட்டில் இருந்தால் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அதே மாதிரி கோடு போட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
ரவி