ஊர் கூப்பிட்டால் கோச் வர வேண்டுமா?

லிங்கன், நெப்ராஸ்கா
30.11.2017

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்களா, பாதியில் விட்டுவிட்டார்களா? இங்கே அறுவடை முடிந்துவிட்டது. ஊரைத் தாண்டிப் பத்து நிமிஷம் கார் ஓட்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளத் தட்டையின் அடிக்கட்டைதான்.

போனில் நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலேஜ் டீமுக்கு ஒரு கோச் வருவாரா மாட்டாரா என்று ஒரு மாநிலமே ஏன் இப்படித் தவிக்கிறது என்று கேட்டீர்கள். விடிகாலையில் பையன்களை ஹாக்கி கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுகிற உங்களுக்கு இதை விவரமாக எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறேன்?

நெப்ராஸ்காவில் மொத்தமே 19 லட்சம் ஜனம்தான். பெரிய தொழில்முறை ஃபுட்பால் டீம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது பல்கலைக்கழகத்தின் ஹஸ்கர்ஸ் டீம். நம் ஊர் ஃபுட்பால் இல்லை இது, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். இவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். கோவில்பட்டி மொத்தத்தையும் கிளப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்த மாதிரி இருக்கும். 1962 நவம்பரிலிருந்து இங்கே நடந்த எல்லா மேட்ச்சுக்கும் டிக்கெட் முழுக்க விற்றிருக்கிறது. ஜெயித்த காலத்தில் மட்டுமல்ல, தோற்கிற காலத்திலும்.

டாம் ஆஸ்போர்ன் என்று ஒரு கோச் 1973-லிருந்து 25 வருஷம் இருந்தார். 255 வெற்றி, மூன்று தேசியப் பட்டம். அவர் காலத்து டீமில் ஒரு வழக்கம் உண்டு. சின்னச் சின்ன ஊர்களிலிருந்து விவசாயக் குடும்பத்துப் பையன்கள் ஸ்காலர்ஷிப் இல்லாமலேயே வந்து சேருவார்கள். வருஷக்கணக்கில் பிராக்டிஸில் அடிபட்டு, கடைசியில் சிலர் முதல் வரிசைக்கே வந்துவிடுவார்கள். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் 'எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் அந்த டீமில் இருந்தான்' என்பார்கள். இந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் போன பிறகு சரிவுதான். 1999-க்கு அப்புறம் தங்கள் லீக் பட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. இந்த வருஷம் 12 மேட்ச்சில் 4 வெற்றி, 8 தோல்வி. இவ்வளவு குறைவாக ஜெயித்து 1961-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை காலையில் கோச் மைக் ரைலியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்போதிருந்து ஊர் வாயில் ஒரே பெயர்தான்: ஸ்காட் ஃப்ராஸ்ட்.

இவர் லிங்கனில் பிறந்து, உட் ரிவரில் வளர்ந்தவர். வசந்தகாலத்தில் பிளாட் ஆற்றில் லட்சக்கணக்கில் கொக்குகள் வந்து இறங்குவதைப் பார்க்கப் போனேன் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பக்கத்து ஊர்தான். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். அப்பா, அம்மா இரண்டு பேருமே அங்கே பள்ளிக்கூட டீமுக்குக் கோச்சாக இருந்தவர்கள். அம்மா 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் வட்டு எறிந்தவர். 1997-இல் ஹஸ்கர்ஸ் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியபோது அந்த டீமின் குவார்ட்டர்பேக் இவர்தான். ஆட்டத்தின் சாவியே அவன் கையில் இருக்கிற இடம் அது. இப்போது ஆர்லாண்டோவில், சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கோச். 2015-இல் 12 மேட்ச் ஆடி 12-லும் தோற்ற டீமை எடுத்தார். இரண்டே வருஷம். இந்த சீசனில் இதுவரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நானும் ஸ்டேடியத்தில் இருந்தேன் சித்தப்பா. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் டிக்கெட் ஒன்றைக் கொடுத்து அழைத்துப் போனார். அயோவா டீம் 56-14 என்று நொறுக்கிவிட்டது. அதே நேரத்தில் ஆர்லாண்டோவில் ஃப்ராஸ்ட்டின் டீம் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்வரிசையில் சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெரியவர். கண்ணெதிரே நடக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் பேரன் கையில் இருந்த போனுக்குள் தலையை நுழைத்திருந்தார். அங்கே 42-42. எதிர் டீம் உதைத்த பந்தை மைக் ஹியூஸ் என்கிற பையன் பிடித்து 95 கஜம் ஓடிப்போய் 49 ஆக்கிவிட்டான். இங்கே நம் டீம் உதை வாங்கிக்கொண்டிருக்கிறது, பெரியவர் எழுந்து நின்று கை தட்டுகிறார்! சுற்றி இருந்தவர்களும் தட்டினார்கள். அத்தனை பேரும் மனதில் அந்தக் கோச்சை ஏற்கெனவே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கள் லேபில் வேலையே ஓடவில்லை. அவர் வந்தே தீர வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். மூன்று வெளியாட்களை வைத்துப் பார்த்தாயிற்று, இந்த மண்ணைத் தெரிந்தவனால்தான் கிராமத்துப் பையன்களை மறுபடி டீமுக்குள் கொண்டுவர முடியும் என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பாட்டி இன்னொன்று சொன்னார்: "இப்போது விட்டால் இன்னும் பெரிய இடம் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் அவன் வரவே மாட்டான்." அந்த பயமும் புரிகிறது.

ஆனாலும் அவர் இப்போது வரக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லேபில் அப்படிச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

ஏன் என்று சொல்கிறேன். இவர்கள் கூப்பிடுவது 42 வயது ஃப்ராஸ்ட்டை இல்லை, 1997-ஐ. அந்த 1997-இலேயே என்ன நடந்தது தெரியுமா? பள்ளிக்கூடம் முடித்ததும் ஹஸ்கர்ஸை விட்டுவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், அப்புறம் திரும்பி வந்த பையன் என்று பலருக்கு அவர்மேல் கோபம். அந்த செப்டம்பரில் இதே ஸ்டேடியத்தில், சொந்த ஜனமே அவரைப் பார்த்து ஊளையிட்டிருக்கிறது. எதிரே ஆடியது யார் என்றால், இதே சென்ட்ரல் ஃபுளோரிடா. பட்டம் ஜெயித்த பிறகுதான் ஊர்ப் பிள்ளை ஆனார்.

ஃப்ராங்க் சோலிச் கதை இன்னும் மோசம். அவரும் இங்கேயே ஆடி, ஆஸ்போர்னுக்குக் கீழே 19 வருஷம் உதவிக் கோச்சாக இருந்து, அவருக்குப் பின்னால் பொறுப்பெடுத்தவர். 2003-இல் 9 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கில் இருந்தபோது அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு 9 வெற்றி கிடைத்தால் இந்த ஊர் திருவிழா கொண்டாடும். வெளியாள் தோற்றால் வேலை போகும், அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளை தோற்றால் அவன் அப்பா அம்மா கடைத்தெருவில் தலை காட்ட முடியாது. அத்தனை பெரிய பாரத்தை, தலைமைக் கோச்சாகி இரண்டே சீசன் ஆன ஒருவர் தலையில் வைக்கலாமா?

இன்னொரு நடைமுறை விஷயம். ஃபுளோரிடாவில் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வேகமாக ஓடக்கூடிய பையன்கள் பள்ளிக்குப் பள்ளி கிடைப்பார்கள். இங்கே அப்படி இல்லை, டெக்ஸாஸ், கலிஃபோர்னியா என்று தேடிப் போக வேண்டும். அங்கே இரண்டு வருஷத்தில் நடந்தது இங்கே ஐந்து வருஷத்திலாவது நடக்குமா? அதுவரை இவர்கள் பொறுப்பார்களா? லேபில் கேட்டேன். பொறுப்போம் என்று எல்லாரும் உடனே சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஃப்ராஸ்ட்டின் இப்போதைய டீமில் இருக்கிற ஷகீம் கிரிஃபின் என்று ஒரு பையனைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிறவிக் கோளாறால் நான்கு வயதில் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பழைய கோச் காலத்தில் பெரும்பாலும் பெஞ்சில்தான். ஃப்ராஸ்ட் வந்து அவனைத் தடுப்பு வரிசையில் இறக்கினார். போன வருஷம் அந்த லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரன் அவன்தான். ஒற்றைக் கையால் ஆளைப் பிடித்துச் சாய்க்கிறான் சித்தப்பா, நீங்கள் பார்த்தால் விடமாட்டீர்கள். நாளை மறுநாள் அவனும் அவன் டீமும் மெம்ஃபிஸோடு லீக் ஃபைனல் ஆடுகிறார்கள். ஜெயித்தால் புத்தாண்டு சமயத்தில் பெரிய டீம் ஒன்றோடு மோதலாம். அந்தப் பையன்கள் காதில் இப்போது விழுவதெல்லாம் கோச் போகப் போகிறார் என்கிற பேச்சுதான்.

எப்போது ஊருக்குத் திரும்பி வருவாய் என்று அம்மா ஒவ்வொரு போனிலும் என்னைக் கேட்கிற கேள்வியும் இதே மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வறட்சி தாங்குகிற சோளத்தில் நான் எடுத்த வேலை பாதியில் நிற்கிறது. அதை முடித்துவிட்டு வந்தால்தான் நம் கரிசல் காட்டுக்கு ஏதாவது கொண்டு வந்தவளாவேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாளே கிளம்பிவிடுவேன், அது வேறு. ஊருக்கு நம் வேலை வேண்டும் என்றால் அது முடிகிறவரை ஊர் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். ஃப்ராஸ்ட் விஷயத்திலும் நான் சொல்வது இவ்வளவுதான். வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்த டீமை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வரட்டும் என்கிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஃபைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நீங்கள் படித்த பள்ளிக்கூடமே உங்களை வா என்று கூப்பிட்டால் பையன்களிடம் அதைச் சொல்வீர்களா, மேட்ச் முடியட்டும் என்று மறைப்பீர்களா? எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. ஒரு கோச்சாக உங்கள் பதில் வேண்டும், சமாதானத்துக்கு எதையாவது எழுதிவிடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஷின் கார்டு வேண்டும் என்றீர்களே, ஒவ்வொருவன் அளவையும் எழுதி அனுப்புங்கள். ஜனவரியில் எங்கள் லேபிலிருந்து ஒருவர் மதுரைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி