மட்டையும் சிரட்டையும் போதும்

ஆசிரியருக்கு,

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை என்பதற்காக முன்பள்ளிப் பிள்ளைகளை எழுத்துக் கொப்பியோடு இருத்திவிட வேண்டாம்.

துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் விளையாட்டுக்கு, பழைய கலண்டர் படத்தைக் கடதாசி மட்டையில் மெல்லிய பசையால் ஒட்டி, பாரம் வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு வெட்டினால் படம் கழன்று சுருளும். 3 வயதுக்கு 4 துண்டு, 4 வயதுக்கு 6 முதல் 9 வரை. படத்தில் மாடு இருந்தால், வெட்டு அதன் முகத்துக்கூடாகப் போகட்டும். வெறும் வானம் மட்டும் உள்ள துண்டில் பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. படத்துக்கொரு நிறமாகப் பின்புறம் புள்ளி இடாவிட்டால் ஒரு கிழமைக்குள் எல்லாம் கலந்துவிடும்.

சந்தை விளையாட்டில் தராசு செய்ய ஒரு தடி, கயிறு, இரண்டு சிரட்டை. வெறுந்தராசு சரிந்தால், பாரம் குறைந்த சிரட்டையின் அடியில் களிமண் அப்புங்கள். ஒரு கடைக்கு 4, 5 பிள்ளைகள் போதும், கூடினால் தள்ளுமுள்ளுத்தான். ஆசிரியை கடைக்காரியாக இருந்தால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்க வந்தவராக நின்று, "கத்தரிக்காய் கால் கிலோ என்ன விலை?" என்று கேளுங்கள், எண்ணவும் பேரம் பேசவும் தாங்களாகவே தொடங்குவார்கள்.

காசுக்குப் புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். சோடா மூடியும் வேண்டாம், விளிம்பு கீறும். மட்டையில் பெரிய வட்டங்களாக வெட்டிக்கொடுங்கள்.

முன்பள்ளி ஆசிரியைகள் சிலர்,
யாழ்ப்பாணம்.